'அப்ரூவ்டு'ன்னு வந்தாச்சு... அப்புறம் என்ன? அமெரிக்க விசா வரிசையின் மறுபக்கம்!

ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்து விழுகிறது. 'கேஸ் வாஸ் அப்ரூவ்டு'. அவ்வளவுதான். காலையில் அம்மா பழவந்தாங்கல் விசா கணபதிக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பிவிடுகிறார். சித்தப்பா "சூப்பர்டா தம்பி, எப்போ ஃப்ளைட்?" என்கிறார். அத்தை ஒருபடி மேலே போய் "அப்போ க்ரீன் கார்டு கிடைச்சிடுச்சா?" என்று கேட்டுவிடுகிறார். ஸ்க்ரீன்ஷாட் போட்டவருக்கு மட்டும் தெரியும், இந்த மூணு பேருக்கும் சொல்ல அவரிடம் சரியான பதில் இல்லை என்று.

ஏன்னா, அமெரிக்கக் குடியேற்ற நடைமுறையில் 'அப்ரூவ்டு' என்ற வார்த்தை ஒருமுறை வருவதில்லை. குறைந்தது அஞ்சு முறை வரும். ஒவ்வொரு முறையும் அதற்கு அர்த்தம் வேற. ஒரு கவுன்ட்டரில் சீல் விழுந்தால், அடுத்த கவுன்ட்டரில் போய் நிற்க உங்களுக்கு டோக்கன் கிடைத்திருக்கிறது. அந்த டோக்கனை நம்பி கல்யாணம் பேசுகிறோம், வீட்டுக் கடன் வாங்குகிறோம், பிள்ளைகளை ஸ்கூலில் சேர்க்கிறோம். அதனால் எந்த அப்ரூவல் எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்துகொள்வது பொது அறிவு சமாசாரம் இல்லை. நம் வாழ்க்கைக் கணக்கு.

அப்ரூவ் ஆனது உங்க விண்ணப்பம் இல்லை, கம்பெனியோடது!

ஹெச்-1பியில் இருந்தே தொடங்குவோம். வருஷத்துக்கு 65,000 இடங்கள். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்குத் தனியாக இன்னொரு 20,000. மார்ச்சில் பதிவு, குலுக்கலில் தேர்வு, பிறகு மனு, எல்லாம் சரியாக நடந்தால் அக்டோபர் 1-ம் தேதி வேலை தொடங்கலாம். இதில் பலர் கவனிக்காத விஷயம், அந்த மனுவைப் போடுவது நீங்கள் இல்லை. உங்களை வேலைக்கு எடுக்கும் கம்பெனி. அப்ரூவல் வந்தால், "இந்தக் கம்பெனி, இந்த வேலைக்கு, இந்தச் சம்பளத்தில் இவரை வைத்துக்கொள்ளலாம்" என்று குடியுரிமைத் துறை கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறது என்றுதான் பொருள்.

அந்தக் கடிதத்துக்குப் பெயர் ஐ-797. இதில் ரெண்டு வகை உண்டு. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்குப் பெரும்பாலும் 'ஏ' வகை வரும். அதன் அடியிலேயே ஐ-94 என்ற தங்கும் அனுமதிச் சீட்டு இருக்கும். இந்தியாவில் இருப்பவருக்கு வருவது 'பி' வகை. அதில் அந்தச் சீட்டு இருக்காது. அதாவது, போய் விசா வாங்கிக்கோ என்று அர்த்தம்.

2025 செப்டம்பருக்குப் பிறகு இந்த வித்தியாசத்தின் விலை எக்கச்சக்கம். அந்த மாதம் 19-ம் தேதி அதிபர் ட்ரம்ப் வெளியிட்ட பிரகடனத்தின்படி, 21-ம் தேதியிலிருந்து புதிதாகப் போடப்படும் ஹெச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும். அடுத்த மாதம் வந்த விளக்கத்தில், அமெரிக்காவுக்குள் இருந்தபடியே நிலை மாறுபவர்களுக்கும் நீட்டிப்புக் கேட்பவர்களுக்கும் இது பொருந்தாது என்றார்கள். ஆக, சென்னையில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினீயரும், டெக்சாஸில் மாஸ்டர்ஸ் முடித்த அவருடைய கிளாஸ்மேட்டும் ஒரே வேலைக்குப் போட்டி போட்டால், முன்னவரை எடுக்கக் கம்பெனி தயங்குவது இயல்பு.

ஜெமினி மேம்பாலத்தில் இரண்டாவது 'அப்ரூவ்டு'

கையில் ஐ-797 இருக்கிறது. அடுத்து டிஎஸ்-160 படிவம், 205 டாலர் கட்டணம், ஒருநாள் கைரேகை, இன்னொரு நாள் நேர்காணல். நம்மில் பெரும்பாலானோருக்கு அந்த இடம் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம். மனுவை அப்ரூவ் செய்தது ஒரு துறை. விசா கொடுப்பது வெளியுறவுத் துறை. அவர் ஓகே சொன்னார் என்பதற்காக இவரும் ஓகே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.

கவுன்ட்டரில் அதிகாரி சில நிமிடங்களே பேசுவார். என்ன வேலை, யாருக்காக, எங்கே, என்ன சம்பளம். கம்பெனி உங்கள் பெயரில் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படிக்காமல் போனால், இங்கேதான் மாட்டுவீர்கள். மனுவின் நகலைக் கேட்டு வாங்கி, வேலை விவரம், பணியிட முகவரி, சம்பளம் மூன்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு போவது நல்லது.

சிலருக்கு 221(ஜி) சீட்டு கிடைக்கும். கூடுதல் ஆவணம் வேண்டும், அல்லது இன்னும் பரிசீலனை இருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்ததும் 'ரிஜெக்ட்' என்று முடிவு கட்டி அழ வேண்டாம். ஆனால் எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சில நாள்களில் முடிந்ததும் உண்டு, மாதக்கணக்கில் இழுத்ததும் உண்டு. பாஸ்போர்ட் விசாவோடு கைக்கு வரும்வரை வேலையை விடாதீர்கள், வீட்டைக் காலி செய்யாதீர்கள், ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் போடாதீர்கள்.

முன்பெல்லாம் விசா புதுப்பிக்க நேர்காணல் இல்லாமல் ஆவணங்களைப் போட்டுவிட்டு வரும் 'டிராப்பாக்ஸ்' வசதி இருந்தது. 2025 செப்டம்பர் 2-லிருந்து ஹெச்-1பிக்கு அது இல்லை. அதே மாதம், சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற அறிவிப்பும் வந்தது. டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி, ஹெச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளக் கணக்குகளையும் பார்க்கிறோம், 'பப்ளிக்'கில் வையுங்கள் என்றார்கள். விளைவு, டிசம்பரில் நேர்காணல் தேதி வைத்திருந்த பலருக்கு அது மாதங்கள் தள்ளிப்போனது. அக்கா கல்யாணத்துக்காக ரெண்டு வார லீவில் ஊருக்கு வந்தவர், மாதக்கணக்கில் இங்கேயே மாட்டிக்கொள்ளும் நிலை. அங்கே வாடகை ஓடும், கார் லோன் ஓடும், சில சமயம் பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள்.

அதனால்தான் அங்கிருக்கும் நண்பர்கள் பலர் "ஊருக்கு வரலாமா வேண்டாமா" என்று அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக்கூட யோசிக்கிறார்கள். பாசம் குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மனு அப்ரூவ் ஆகி அங்கே வேலை பார்க்கச் சட்டப்படி உரிமை இருந்தாலும், பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா காலாவதி ஆகியிருந்தால், வெளியே வந்தவர் புது விசா இல்லாமல் திரும்பப் போக முடியாது.

ஏர்போர்ட்டில் கவனிக்க வேண்டிய ஒரே ஒரு தேதி

மூன்றாவது 'அப்ரூவ்டு' அமெரிக்க ஏர்போர்ட்டில். விசா என்பது கதவைத் தட்ட அனுமதி. உள்ளே விடுவது எல்லைப் பாதுகாப்பு அதிகாரியின் முடிவு. அவர் உங்களை உள்ளே அனுப்பியதும் கம்ப்யூட்டரில் ஒரு பதிவு உருவாகும். அதுதான் ஐ-94. நீங்கள் எதுவரை தங்கலாம் என்பதை முடிவு செய்வது இந்தப் பதிவு. பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவின் கடைசித் தேதி, உள்ளே நுழையப் பயன்படுவது மட்டுமே.

இங்கே நம்ம ஆட்கள் அடிக்கடி ஏமாறும் விஷயம் ஒன்று உண்டு. மனு மூணு வருஷத்துக்கு அப்ரூவ் ஆகியிருக்கும். ஆனால் பாஸ்போர்ட் ஒரு வருஷத்தில் முடிகிறது என்றால், அதிகாரி ஐ-94-ஐயும் பாஸ்போர்ட் முடியும் தேதிவரை மட்டுமே போடக்கூடும். அதைக் கவனிக்காமல் 'மூணு வருஷம் இருக்கே' என்று இருந்தால், தெரியாமலே சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவீர்கள். தரையிறங்கிய ஓரிரு நாளில் அரசு இணையதளத்தில் ஐ-94-ஐ டவுன்லோடு செய்து தேதியைப் பாருங்கள். அதைவிட நல்லது, கிளம்பும் முன்பே இங்கே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுவது.

முதல் மாதம்: எல்லாம் பூஜ்யத்திலிருந்து

போய் இறங்கியதும் சமூகப் பாதுகாப்பு எண் வாங்க வேண்டும். சம்பளம், வரி, கடன், வாடகை வீடு எல்லாமே அந்த ஒன்பது இலக்கத்தைச் சுற்றித்தான். சென்னையில் உங்கள் சிபில் ஸ்கோர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே நீங்கள் கடன் வரலாறே இல்லாத ஆள். வீட்டு ஓனர் கூடுதல் அட்வான்ஸ் கேட்பார். முதல் கிரெடிட் கார்டுக்கு டெபாசிட் கேட்பார்கள். எனவே முதல் சம்பளம் வரும்வரை சமாளிக்கக் கையில் பணம் வேண்டும். வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 என்ற படிவத்தில் புது முகவரியைச் சொல்ல வேண்டும். ஆன்லைனில் சில நிமிட வேலை. பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பக்கமும் வேலை இருக்கிறது. வெளிநாட்டில் வேலைக்குப் போனதும் இங்கே இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது, என்.ஆர்.ஓ கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ கணக்கு தனி. வெளிநாடுவாழ் இந்தியராக ஆனபிறகு புதிதாக பி.பி.எஃப் தொடங்க முடியாது. 'அப்பா பார்த்துக்குவார்' என்று நெட்பேங்கிங் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது தீர்வு ஆகாது.

தெரிந்துகொள்ள வேண்டிய நாலு உரிமைகள்

அப்ரூவல் வந்த சந்தோஷத்தில் கம்பெனி நீட்டும் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். சட்டம் நமக்கும் சில விஷயங்களைக் கொடுத்திருக்கிறது.

ஒன்று, 'புராஜெக்ட் இல்லை, பெஞ்சில் இரு, சம்பளம் அப்புறம்' என்று சொல்லக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு, உள்ளே நுழைந்த 30 நாளுக்குள் சம்பளம் தொடங்கியாக வேண்டும். வேலை கொடுக்காதது கம்பெனியின் பிரச்னை.

இரண்டு, ஹெச்-1பி மனுவோடு கம்பெனி கட்டும் பயிற்சி நிதிக் கட்டணத்தை உங்களிடம் வசூலிக்கக் கூடாது. 'விசா செலவு' என்று ஊரில் ஒரு பெரிய தொகை கேட்கும் கன்சல்டன்சி வந்தால், அங்கேயே நின்று யோசியுங்கள்.

மூன்று, அனுமதிக்காலம் முடியும் முன்பே கம்பெனி உங்களை வேலையை விட்டு அனுப்பினால், ஊர் திரும்ப நியாயமான பயணச் செலவை அவர்கள் தர வேண்டும்.

நான்கு, வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அதற்குள் புது கம்பெனி உங்களுக்காக மனு போட வேண்டும், இல்லை வேறு நிலைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் கிளம்ப வேண்டும். ஐ.டி துறையில் லே-ஆஃப் செய்தி வரும்போதெல்லாம் உள்ளூர்க்காரருக்கு வேலைதான் போகிறது. நம்ம ஆளுக்கு வேலையோடு சேர்த்து வீடு, கார், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாவற்றின் மீதும் 60 நாள் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

ஐ-140: மேட்ரிமோனியில் மின்னும் நம்பர்

இப்போது நாலாவது 'அப்ரூவ்டு'. கல்யாணத் தகவல் தளங்களில் மாப்பிள்ளை புரொஃபைலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உயரம், சம்பளம், நட்சத்திரத்தோடு சேர்ந்து 'ஐ-140 அப்ரூவ்டு' என்றும் ஒரு வரி இருக்கும். பெண் வீட்டார் அதை 'க்ரீன் கார்டு கிட்டத்தட்ட வந்தாச்சு' என்று படிக்கிறார்கள். உண்மை வேறு.

ஹெச்-1பி சாதாரணமாக ஆறு வருஷம்தான். அதற்கு மேல் இருக்க, கம்பெனி உங்களுக்கு க்ரீன் கார்டு நடைமுறையைத் தொடங்க வேண்டும். முதலில் தொழிலாளர் துறையில் 'பெர்ம்'. இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று காட்டும் சான்று. இதன் செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். அடுத்து ஐ-140. அது அப்ரூவ் ஆனால், 'இவர் க்ரீன் கார்டுக்குத் தகுதியானவர்' என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஆனால் கார்டு தர இடம் இருக்க வேண்டுமே!

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. வேலைவாய்ப்பு அடிப்படையில் ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,40,000 க்ரீன் கார்டுகள். இந்த எண்ணிக்கை 1990-ல் போட்ட சட்டத்தில் இருப்பது. இதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. நம் ஆட்கள் அதிகம் விண்ணப்பிக்கும் இபி-2, இபி-3 பிரிவுகளுக்கு மொத்தத்தில் தலா 28.6 சதவிகிதம், அதாவது சுமார் 40,000. அதில் 7 சதவிகிதம் என்றால் ஒரு பிரிவில் இந்தியர்களுக்குச் சுமார் 2,800. இந்த 2,800-க்குள்தான் கணவன், மனைவி, குழந்தை எல்லோரும் அடக்கம். மூணு பேர் கொண்ட குடும்பமாகக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு ஆயிரம் குடும்பம்கூட இல்லை. மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் மிச்சம் வைத்த இடங்கள் சில வருஷம் கூடுதலாகக் கிடைப்பதுண்டு. ஆனால் வரிசையில் நிற்பவர்களோ பல லட்சம் பேர்.

உங்கள் 'பெர்ம்' எந்தத் தேதியில் போடப்பட்டதோ, அதுதான் வரிசையில் உங்கள் இடம். 'பிரியாரிட்டி டேட்' என்பார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் 'விசா புல்லட்டின்' வெளியிடும். அதில் உங்கள் தேதி வந்தால் அடுத்த கட்டம். 2025 கடைசியில் இந்தியாவுக்கான இபி-2, இபி-3 வரிசைகள் இரண்டுமே 2013-ம் வருஷத்தில்தான் நின்றன. அதாவது தோனி சாம்பியன்ஸ் டிராபி தூக்கிய வருஷத்தில் விண்ணப்பம் போட்டவருக்கு 2025-ல்தான் முறை வந்தது. விண்ணப்பம் போட்டபோது அவர் 28 வயது பையன். முறை வந்தபோது 40.

இதில் இன்னொரு கொடுமை, அந்தத் தேதி எப்போதும் முன்னாடியே நகரும் என்பதில்லை. தேவை அதிகமானால் பின்னாடியும் போகும். அடுத்த மாதம் நம்ம முறை என்று மெடிக்கல் டெஸ்ட் எடுத்து வைத்தவருக்கு, திடீரென்று ரெண்டு வருஷம் பின்னாடி போய்விட்டது என்று புல்லட்டின் சொன்ன கதைகள் ஏராளம்.

அப்போ ஐ-140-ஆல் பயனே இல்லையா?

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் போதும்.

முதல் பயன், ஆறு வருஷ வரம்பு உடைகிறது. வரிசையில் காத்திருக்கும்வரை ஹெச்-1பியை மூணு மூணு வருஷமாக நீட்டித்துக்கொண்டே போகலாம். 2000-ல் வந்த சட்டம் இந்த வசதியைத் தந்தது. இரண்டாவது, கம்பெனி மாறினாலும் அந்தத் தேதி உங்களோடு வரும். புது கம்பெனி 'பெர்ம்', ஐ-140 எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். ஆனால் வரிசையில் உங்கள் இடம் பழைய தேதிதான். அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிவிட்டால், பழைய கம்பெனி அந்த மனுவை வாபஸ் வாங்கினாலும் அதை வைத்து நீட்டிப்புக் கேட்க முடியும். வேலை மாற நினைப்பவர்கள் அந்த 180 நாளை எண்ணிக்கொண்டிருப்பது இதனால்தான்.

மூன்றாவது, கணவன் அல்லது மனைவியின் வேலை. ஹெச்-4 விசாவில் போகிறவர் வேலை பார்க்க முடியாது. ஆனால் 2015 மே மாதம் முதல், துணைவருக்கு ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்தால் ஹெச்-4-ல் இருப்பவரும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இங்கே டீம் லீடாக இருந்த பெண், கல்யாணம் செய்து அங்கே போய் 'டிபெண்டென்ட்' என்ற ஒற்றை வார்த்தைக்குள் அடங்கிப்போவதா, இல்லை தொழிலைத் தொடர்வதா என்பதை இந்த ஒரு அப்ரூவல்தான் தீர்மானிக்கிறது. ஆக, பெண் பார்க்கும் படலத்தில் ஐ-140 பற்றிக் கேட்பது தப்பே இல்லை. கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "க்ரீன் கார்டு எப்போ?" என்பதைவிட, "நான் வந்தா வேலை பார்க்க முடியுமா? எத்தனை மாசம் ஆகும்?" என்பதே உருப்படியான கேள்வி.

அதிலும் ஒரு எச்சரிக்கை. இந்த வேலை அனுமதியை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். முன்பு புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தில், பழைய அனுமதி தானாகவே 540 நாள்வரை நீளும் வசதி இருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு அது இல்லை. புது அட்டை வரத் தாமதமானால், நடுவில் வேலையை நிறுத்தியாக வேண்டும். இ.எம்.ஐ இரண்டு சம்பளத்தை நம்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

21-வது பிறந்தநாள் எனும் பயம்

இந்த வரிசையின் மிகப் பெரிய வலி பெரியவர்களுடையது இல்லை, பிள்ளைகளுடையது. அஞ்சு வயதில் அம்மா அப்பாவோடு போன குழந்தை அங்கேயே படித்து, அங்கேயே வளர்ந்து, தமிழை அமெரிக்க உச்சரிப்பில் பேசிக்கொண்டிருக்கும். பெற்றோரின் வரிசை நகராமல் அந்தப் பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால், சட்டப்படி அது இனி 'குழந்தை' இல்லை. ஹெச்-4 போய்விடும். பெற்றோரின் க்ரீன் கார்டு விண்ணப்பத்திலிருந்தும் பெயர் போய்விடும். தான் வளர்ந்த ஊரில் வெளிநாட்டு மாணவராக விசா எடுக்க வேண்டும், இல்லை சரியாக ஞாபகமே இல்லாத இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும்.

2002-ல் வந்த ஒரு சட்டம், வயதில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வழி செய்கிறது. ஆனால் கழிப்பது ஐ-140 பரிசீலனையில் இருந்த நாள்களை மட்டும்தான். சீக்கிரம் வேண்டும் என்று கூடுதல் பணம் கட்டிச் சில வாரங்களில் அப்ரூவல் வாங்கியவர்களுக்குக் கழிக்க ஒன்றுமே இருக்காது. வரிசையில் காத்திருந்த பத்துப் பதினைந்து வருஷம் கணக்கில் சேராது. ஒரே வீட்டில், அங்கேயே பிறந்த தங்கை அமெரிக்கப் பிரஜை, மதுரையில் பிறந்த அண்ணன் 21 வயதில் வெளியேற வேண்டியவன். இதை மாற்றச் சொல்லி அந்தப் பிள்ளைகளே வருஷக்கணக்காகக் குரல் கொடுக்கிறார்கள். 7 சதவிகித வரம்பை நீக்கும் மசோதாக்களும் பலமுறை வந்தன. ஒன்றும் சட்டமாகவில்லை.

எட்டு, பத்து வயதுக் குழந்தையோடு இப்போது கிளம்பத் திட்டமிடுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கடைசி அப்ரூவலும் அதற்குப் பிறகும்

முறை வந்ததும் ஐ-485 போட வேண்டும். அது பரிசீலனையில் இருக்கும்போதே வேலை அனுமதியும் பயண அனுமதியும் தனியாகக் கேட்டு வாங்கலாம். போட்டு 180 நாள் ஆகிவிட்டால் அதே மாதிரியான வேலைக்கு வேறு கம்பெனிக்கு மாறலாம். பல வருஷமாக ஒரே கம்பெனியைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு முதல்முறை மூச்சு விட இடம் கிடைப்பது இங்கேதான்.

கல்யாணம் ஆகாதவர்களுக்கு முக்கியமான ஒரு விஷயம். உங்களுக்கு க்ரீன் கார்டு கிடைக்கும் முன்பே திருமணம் நடந்திருந்தால், துணைவரும் உங்கள் வரிசையிலேயே சேரலாம். கார்டு கிடைத்த பிறகு திருமணம் செய்தால், அவருக்குத் தனி மனு, தனி வரிசை. 'கார்டு வந்ததும் கல்யாணம்' என்று தள்ளிப்போடுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு தள்ளிப்போடுங்கள்.

கார்டு கையில் வந்ததும் எல்லாம் முடிந்ததா? அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் கேள்வி வரும். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் முன்கூட்டியே தனி அனுமதி எடுக்க வேண்டும். உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டும். இது கார்டுக்கு முன்பே, ஹெச்-1பியில் அங்கே வசிக்கத் தொடங்கியதும் பெரும்பாலும் பொருந்திவிடும். இந்திய வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

"அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்திடலாம்" என்பது நம் எல்லோருக்கும் இருக்கும் ஆசை. க்ரீன் கார்டு வைத்திருப்பவரால் பெற்றோருக்கு மனு போட முடியாது. குடியுரிமை வாங்கினால்தான் முடியும். அதற்குக் கார்டு வந்து சாதாரணமாக அஞ்சு வருஷம். அந்தக் குடியுரிமை வந்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும், ஏனென்றால் இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஓ.சி.ஐ அட்டை வாங்கி ஊருக்கு வந்து போகலாம், ஓட்டுப் போட முடியாது. வரிசை, கார்டு, குடியுரிமை எல்லாம் கடந்து அழைக்கும்போது, அப்பாவுக்கு என்ன வயது ஆகியிருக்கும் என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்போ போகவே கூடாதா?

அப்படிச் சொல்ல வரவில்லை. அந்த வரிசையில் நின்றபடியே வீட்டுக் கடனை அடைத்தவர்கள், தங்கையைப் படிக்க வைத்தவர்கள், நல்ல வேலை கற்றவர்கள் ஏராளம். அவர்கள் பெரும்பாலும் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். கார்டு வந்தால்தான் வாழ்க்கை என்று வைக்காமல், வராவிட்டாலும் ஓடும்படி வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம், இந்தியாவில் தொடரும் ஒரு முதலீடு, திரும்பி வந்தாலும் மதிப்புள்ள ஒரு திறமை, குழந்தைக்குக் கொஞ்சம் தமிழ்.

ஒவ்வொரு அப்ரூவல் வரும்போதும் மூணு கேள்வி கேளுங்கள். இது யாருடைய பெயரில் வந்திருக்கிறது, கம்பெனியா நானா? இது எந்தத் தேதிவரை செல்லும்? நாளைக்கே வேலை போனால் இதில் எது மிஞ்சும்? பதிலை ஃபோனில் எழுதி வையுங்கள். விதிகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. வாட்ஸ்அப் ஃபார்வேர்டை நம்பாமல் அரசு இணையதளத்தைப் பாருங்கள், சிக்கலான விஷயம் என்றால் குடியேற்ற வழக்கறிஞரிடம் நேரடியாகக் கேளுங்கள். கம்பெனி வக்கீல் கம்பெனிக்காகப் பேசுபவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த ஃபேமிலி குரூப்புக்குத் திரும்புவோம். சித்தப்பாவுக்கு, "ஸ்டாம்பிங் முடியட்டும் சித்தப்பா, அப்புறம் டிக்கெட்" என்று பதில் போடுங்கள். அத்தைக்கு, "க்ரீன் கார்டுக்கு இன்னும் ரொம்ப வருஷம் ஆகும் அத்தை" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அம்மா கொண்டுவரும் தேங்காய் மூடியை மட்டும் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கவுன்ட்டரைத் தாண்டியதே பெரிய விஷயம்தான்.